மார்கழி ஃபேவரைட்ஸ்: படம் வரையற ஒருத்திகிட்ட எல்லாரும் கேக்கற அதே கேள்விகள்

மாசா மாசம் எனக்குப் புடிச்சத ஒரு லிஸ்ட்டா போடுவேன், அதுல மார்கழி லிஸ்ட்டுக்கு மட்டும் கேள்வி குவிஞ்சுடும், அதுவும் போன வருஷம் கேட்டதையே இந்த வருஷம் வேற ஆள் கேப்பாங்க. தனித்தனியா பதில் டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம். அதனால கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே வச்சு எல்லாத்தையும் இங்க ஒண்ணா போட்டாச்சு. நான் சென்னைல இருக்கேன், இல்லஸ்ட்ரேஷன்தான் வேலை, அதனால எல்லாத்தையும் வரையற கண்ணாலதான் பாப்பேன், அத மனசுல வச்சுட்டு படிங்க.

அக்கா எல்லாரும் டிசம்பர் ஃபேவரைட்ஸ்னு போடறாங்க, நீங்க மட்டும் ஏன் மார்கழி?

சென்னைல டிசம்பர் முதல் பாதி பெரும்பாலும் மழை, புயல் வார்னிங், ஸ்கூல் லீவா இல்லையான்னு கேக்கறது, இவ்ளோதான். டிசம்பர் பாதிக்கு மேல மார்கழி பொறந்து பொங்கலுக்கு முந்தின நாள் போகி வரைக்கும் போகும், அந்த ஒரு மாசத்துலதான் வேர்க்காம தெருவுல நடக்க முடியும். கச்சேரி சீசன், கோலம், சினிமா விழா, புத்தகக் கண்காட்சி எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும்.

லிஸ்ட் நீளமா இருக்கு, சுருக்கமா என்னென்ன புடிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்

விடியக்காலை மாட வீதி கோலம், மதிய நேர ஓசிக் கச்சேரி, அதுக்கு அப்புறம் சபா (கச்சேரி நடத்தற சங்கம்) கேண்டீன், எழும்பூர் மியூசியம் வெண்கலச் சிலை, ஆண்டர்சன் தெரு பேப்பர், தமிழ் மின்னூலகத்துல பழைய பத்திரிகை, அப்புறம் ரெண்டு மூணு தமிழ் ஃபாண்ட். பாத்தீங்கன்னா பாதிக்கு மேல காசே கிடையாது. என்ன, எல்லாரும் தூங்கற நேரத்துலயோ ஆஃபீஸ்ல இருக்கற நேரத்துலயோ நடக்கற விஷயங்கள், ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்குன்னே வச்ச மாதிரி ஒரு மாசம்.

கோலம் பாக்க எங்க போகணும்? எங்க ஏரியா ஃபுல்லா அபார்ட்மெண்ட், எல்லா வாசல்லயும் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கு

மயிலாப்பூர் கபாலி கோயிலச் சுத்தி இருக்கற மாட வீதிகளும் அதுக்கு உள்ள போற சந்துகளும், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பக்கம், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர். இதுல எனக்குத் திருவல்லிக்கேணிதான் ஃபர்ஸ்ட், ஏன்னா அங்க வீடு சின்னது, வாசல் அதவிடச் சின்னது, ஆனா பக்கத்து வீட்டு எல்லை வரைக்கும் இழுத்துப் போட்டிருப்பாங்க, அதுல ஒரு சத்தமில்லாத போட்டி ஓடிட்டு இருக்கும்.

டைம் ரொம்ப முக்கியம். அஞ்சரைக்குள்ள போனாத்தான் போடற கைய பாக்கலாம், ஏழு மணிக்குப் போனா பால்காரர் பைக் டயர் தடம்தான் மிச்சம் இருக்கும். சில வீட்டுல இன்னும் சாணி உருண்டை புடிச்சு நடுவுல பூசணிப்பூ செருகி வைக்கறாங்க. அந்த மஞ்சள், கோலத்து வெள்ளை, ஓரத்துல காவி, கீழ ஈரத் தரையோட கருப்பு, இந்த நாலு கலர்ல ஒரு முழு போஸ்டர் பண்ணிடலாம். கலர் பேலட் தேடி நெட்ல அலையறவங்க ஒரு நாள் அலாரம் வச்சு எழுந்து பாருங்க.

புள்ளிக் கோலம் சிக்குக் கோலம் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? நேர்ப்புள்ளி ஊடுபுள்ளின்னு வேற சொல்றாங்க, தலை சுத்துது

புள்ளிகள கோடு போட்டு சேத்தா அது சாதாரண புள்ளிக் கோலம், பூ, கிளி, விளக்குன்னு உருவம் வரும். புள்ளிய தொடாம அதச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு கோடு போனா சிக்குக் கோலம், கம்பிக் கோலம்னும் சொல்வாங்க. நேர்ப்புள்ளின்னா மேல இருக்கற புள்ளிக்கு நேர் கீழயே அடுத்த புள்ளி. ஊடுபுள்ளின்னா ரெண்டு புள்ளிக்கு நடுவுல வர்ற மாதிரி அடுத்த வரிசை. கோலப் புத்தகத்துல '7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி'ன்னு போட்டிருந்தா நடு வரிசைல 7, அதுக்கு மேல 6, 5, 4, கீழயும் அதே மாதிரி 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. வரைஞ்சு பாத்தா தேன்கூடு மாதிரி அறுகோணமா நிக்கும்.

மாவுலயும் ரெண்டு இருக்கு. கடைல பாக்கெட்ல விக்கறது கல்லப் பொடிச்ச கோலப்பொடி, விரல் இடுக்குல நல்லா வழுக்கி இறங்கும், கத்துக்கறவங்களுக்கு ஈஸி. அரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் சாப்பாடு, ஆனா ஈரம் பட்டா கட்டி கட்டியா விழும். அரிசிய ஊறவச்சு அரைச்சுத் தண்ணியா கரைச்சு துணில நனைச்சு விரலால இழுக்கறது இழைக்கோலம். காஞ்சதுக்கு அப்புறம்தான் அதோட வெள்ளை எழும்பி வரும், போடும்போது ஒண்ணுமே தெரியாது.

கோலத்துல கணக்கு இருக்குன்னு ஒரு ரீல்ஸ்ல பாத்தேன், நெஜமா இல்ல சும்மா பெருமையா?

ரீல்ஸ்ல சொல்றதுல பாதி பில்டப், ஆனா விஷயம் நெஜம். 1970கள்ல தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அப்புறம் கமலா கிருத்திவாசன் இவங்கல்லாம் கோலத்த எடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சியே பண்ணாங்க. ஒரு மொழிக்கு இலக்கணம் இருக்கற மாதிரி படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா, சின்னக் கோலத்துலேர்ந்து அதே வகைல பெரிய கோலத்த விதி வச்சே உருவாக்க முடியுமாங்கறதுதான் கேள்வி. வாசல்ல கோலம் போடற பொம்பளைங்க அதைத்தான் மனசுக்குள்ளயே பண்றாங்க, 5 புள்ளில தெரிஞ்ச கோலத்த வாசலுக்குத் தகுந்த மாதிரி 9க்கு இழுத்துடுவாங்க. பேட்டர்ன் டிசைன் பண்றவங்க இதக் கொஞ்சம் உக்காந்து யோசிங்க, நம்ம சாஃப்ட்வேர்ல ரிப்பீட் டைல் போடறத விட இது ரொம்ப அழகான முறை.

கச்சேரி டிக்கெட் ஆயிரக்கணக்குல இருக்குமாமே, நமக்கெல்லாம் கட்டுப்படி ஆகுமா

சாயங்காலம் பெரிய பாடகர் பாடற ஸ்லாட்டுக்குத்தான் டிக்கெட், அதுவும் பின் வரிசை இல்லன்னா பால்கனி எடுத்தா அவ்ளோ பயப்பட வேண்டாம். ஆனா பெரும்பாலான சபால மதியம் நடக்கற கச்சேரிக்கு அனுமதி இலவசம். வளர்ந்துட்டு வர்ற சின்ன வயசுக் கலைஞர்கள்தான் அந்த நேரத்துல பாடுவாங்க. அவங்களுக்கு இது வாழ்வா சாவா மேடை, உயிரக் குடுத்துப் பாடுவாங்க, கேக்கதான் ஹால்ல இருபது முப்பது பேர் இருப்பாங்க. நாலஞ்சு வருஷம் கழிச்சு இவங்கள்ல சில பேருக்கே நீங்க டிக்கெட்டுக்குக் கியூல நிப்பீங்க.

மியூசிக் அகாடமில காலைல நடக்கற விளக்க உரையும் இலவசம்தான், ஒரு ராகத்தையோ ஒரு வாத்தியத்தையோ எடுத்துக்கிட்டு பாடிக்காட்டி வாசிச்சுக்காட்டிப் பேசுவாங்க. அகாடமி கதையும் இன்ட்ரஸ்டிங், 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு, அதோட சேத்து ஒரு இசை மாநாடும் வச்சாங்க, அதுலேர்ந்துதான் 1928ல அகாடமி ஆரம்பிச்சுது. இந்த சீசன் டிசம்பர் கடைசில வர்றதுக்கும் அதுதான் வேர்.

எனக்கு ராகம் தாளம் ஒண்ணும் தெரியாது, போனா தூங்கிடுவேன், பரவால்லயா?

தாராளமா தூங்கலாம், முன் வரிசைல பட்டுப்புடவை கட்டிட்டு வர்றவங்களே தூங்கறாங்க. அமைப்பு மட்டும் தெரிஞ்சுக்கோங்க: ஆரம்பத்துல வர்ணம் இல்லன்னா சின்னப் பாட்டு ஒண்ணு ரெண்டு, நடுவுல ரொம்ப நேரம் போற ஒரு மெயின் உருப்படி, அது முடியற இடத்துல தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டும் வயலினும் நிறுத்திட்டு மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மட்டும் வாசிக்கறது. அதுக்கு அப்புறம் துக்கடா, அதாவது லேசான சின்னச் சின்னப் பாட்டு, கடைசில மங்களம். புதுசா போறவங்களுக்கு தனியும் துக்கடாவும்தான் சட்டுனு புடிக்கும்.

ஆனா பாருங்க, தனி ஆரம்பிச்ச உடனே பாதி ஹால் எழுந்து கேண்டீனுக்கு ஓடும். வாசிக்கறவங்க முன்னாடியே எழுந்து போறது எனக்குச் சுத்தமா புடிக்காது, அதுவும் சேர் மடங்கற அந்தப் 'படார்' சத்தம் இருக்கே. நீங்க அந்தக் கூட்டத்துல சேராதீங்க, வடை எங்கயும் போகாது.

கேண்டீனுக்கும் டிக்கெட் வேணுமா? எந்த சபா பெஸ்ட்?

பெரும்பாலான இடத்துல கச்சேரி டிக்கெட் இல்லாமலே கேண்டீனுக்கு நேரா போய் சாப்பிடலாம், அதுக்குன்னே வர்ற கூட்டம் இருக்கு. எந்த சபாவுல எந்த கேட்டரர்ங்கறது வருஷா வருஷம் மாறும், அதனால சபா பேர வச்சு முடிவு பண்ணாதீங்க, இந்த வருஷம் யாரு அடுப்புல நிக்கறாங்கன்னு விசாரிச்சுட்டுப் போங்க. சீசன்ல எனக்குக் கட்டாயம் வேண்டியது கீரை வடையும் காசி அல்வாவும். வாழை இலை மதிய சாப்பாட்டுக்கு பன்னெண்டு மணிக்கு முன்னாடியே போயிடணும், ஞாயித்துக்கிழமைன்னா மறந்துடுங்க. விலை ஓட்டல் விலைதான், ஓசின்னு நெனச்சு போயிடாதீங்க.

சபால உக்காந்து வரைஞ்சா யாராச்சும் திட்டுவாங்களா?

இதுவரைக்கும் யாரும் திட்டல, பக்கத்து சீட் மாமி எட்டிப் பாத்து 'மூக்கு சரியா வரல'ன்னு சொன்னதோட சரி. போட்டோ, வீடியோவுக்கு நெறைய இடத்துல தடை இருக்கு, வரையறதுக்கு இல்ல. பேப்பர் சரசரன்னு சத்தம் போடற புக் வேண்டாம், போன் வெளிச்சத்துல வரையவே கூடாது, பாட்டு நடுவுல எழுந்து போகாதீங்க.

எங்க உக்காரணும்னா, மேடைய நாம பாக்கும்போது வழக்கமா பாடறவருக்கு இடது பக்கம் மிருதங்கம், வலது பக்கம் வயலின் இருக்கும். எனக்கு மிருதங்கக் கைதான் வேணும், அதனால இடது பக்கமா சீட் புடிப்பேன். கச்சேரிக்கு முன்னாடியே போயிட்டா மிருதங்கக்காரர் ரவையத் தண்ணி விட்டுக் குழைச்சு இடது பக்கத் தோல்ல, அதுக்கு தொப்பின்னு பேரு, அப்பிக்கிட்டே தட்டித் தட்டிப் பாத்து சுருதி சேக்கறத வரையலாம். வலந்தலைல, அதாவது வலது பக்கத் தோல்ல, கருப்பு வட்டம் நிரந்தரமா இருக்கும், இந்தப் பக்கத்து ரவை மட்டும் அன்னைக்கு அன்னைக்குப் போட்டு வாசிச்சு முடிச்சதும் சுரண்டி எடுத்துடுவாங்க. சின்னக் கல்ல வச்சு வார் ஓரத்துல மெதுவா தட்டுவாங்க பாருங்க, அந்த போஸ்தான் என் ஸ்கெட்ச்புக்ல திரும்பத் திரும்ப இருக்கு.

சும்மா கேக்கறேன் தப்பா நெனைக்காதீங்க, இந்த சபா கல்ச்சர் எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஆளுங்களுக்குத்தானே? நாங்க போனா ஒரு மாதிரி பாப்பாங்க

தப்பே இல்ல, நியாயமான கேள்வி. மேடையிலயும் சரி, எதிர்ல உக்காந்திருக்கற கூட்டத்துலயும் சரி, பெரும்பாலும் ஒரே சமூகம்தான், அத மூடி மறைச்சுட்டு 'இசைக்கு எல்லை இல்ல'ன்னு நான் டயலாக் விட மாட்டேன். கதவுல யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா உள்ள போனதும் அந்நியமா தோணுதுன்னா அது உங்க கற்பனை இல்ல. தமிழ்ப் பாட்டுக்கே இடமில்லன்னு சண்டை போட்டு 1943ல தமிழ் இசைச் சங்கம் வந்துச்சு, பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்துல இன்னிக்கும் டிசம்பர்ல அவங்க விழா நடக்குது. என்ன பாடறாங்கன்னு வார்த்தையே புரியலங்கற குறை இருக்கறவங்க அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்.

இன்னொரு பக்கம், பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையம் 2020லேர்ந்து 'மார்கழியில் மக்களிசை' நடத்தறாங்க. பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு, ராப் எல்லாம் ஒரே மேடைல. மார்கழின்னா சபாதான்னு இருந்த நெனப்ப அந்தப் பேர் ஒண்ணே உடைச்சுடுச்சு. வரையறவங்களுக்கு அங்க சவால் வேற, மிருதங்கக்காரர் உக்காந்த இடத்துலயே இருப்பாரு, பறை அடிக்கறவர் ஆடிக்கிட்டே அடிப்பாரு, கோடு போடறதுக்குள்ள ஆள் வேற எடத்துல இருப்பாரு. ரெண்டுக்கும் போங்க, ரெண்டையும் ஒரே புக்ல வரைங்க. கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அவர் கூட இருந்தவங்களும் சேந்து பெசன்ட் நகர் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்துல மீனவர் தெருவுலயே ஆரம்பிச்ச விழாவும் இந்த வரிசைதான்.

என்ன ஸ்கெட்ச்புக் யூஸ் பண்றீங்க? லிங்க் குடுங்க

லிங்க் கிடையாது, பஸ் நம்பர்தான் குடுக்க முடியும். பாரிமுனைல ஆண்டர்சன் தெரு, பேப்பர் வியாபாரத்துக்குன்னே இருக்கற தெரு, கல்யாணப் பத்திரிகை அடிக்கறவங்க டைரி போடறவங்க எல்லாம் அங்கதான் வாங்குவாங்க. உள்ள போய் 'கார்ட்ரிட்ஜ் பேப்பர், 120 ஜிஎஸ்எம்'னு கேளுங்க (ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல), கைல தொட்டுப் பாத்து வாங்குங்க, அங்கயே வெட்டியும் குடுப்பாங்க. பிரஸ்ல வெட்டி மிச்சம் விழற துண்டுகள் எடை போட்டும் கிடைக்கும். நடுவுல மடிச்சு மூணு ஓட்டை போட்டு மெழுகு தடவின நூலால தைச்சா புக் ரெடி, அட்டைக்குப் பழைய காலண்டர். தொட்டுப் பாக்காம ஆன்லைன்ல பேப்பர் வாங்கறது எனக்கு என்னமோ ஒத்துவர மாட்டேங்குது.

பேனா?

எழுதற மை பேனாதான், பாரிமுனை பக்கமே பழைய பேனாக் கடைங்க இருக்கு, நிப்ப அங்கயே தேய்ச்சு சரி பண்ணியும் தருவாங்க. சாதாரண மை தண்ணி பட்டா கரையும், நான் அதத்தான் விரும்பறேன், கோடு போட்டுட்டு ஈர விரலால இழுத்தா நிழல் ரெடி, தனியா கலர் பாக்ஸ் தூக்க வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் மைய மட்டும் சாதா பேனாவுல ஊத்திடாதீங்க, உள்ள காஞ்சு அடைச்சுக்கும்.

மழை வந்து எல்லாம் சொதப்பிடுச்சுன்னா அன்னைக்கு என்ன பண்றது?

எழும்பூர் அரசு மியூசியம். 1851ல ஆரம்பிச்சது. வெள்ளிக்கிழமை லீவு, இத மட்டும் மறக்காம இருங்க, ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் வெள்ளிக்கிழமை போய் நின்னுட்டு எனக்கு மெசேஜ் போடறாங்க. வளாகத்துல நெறைய கட்டடம் இருக்கு, ஆனா நேரா வெண்கலக் காட்சிக்கூடத்துக்குப் போயிடுங்க.

அங்க திருவெண்காட்டுலேர்ந்து வந்த அர்த்தநாரி சிலை ஒண்ணு இருக்கு, சோழர் காலம். அதுக்கு மூணு கை. சிவன் பக்கம் ரெண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. முதல் தடவ பாக்கறவங்க ஒரு கை உடைஞ்சுடுச்சு போலன்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க, அது வேணும்னே அப்படி வச்சது. இப்போ இடுப்ப பாருங்க, ஒரு பக்கம் நேரா இறங்கும், இன்னொரு பக்கம் வெளிய வளைஞ்சு வந்து கீழ இறங்கும், ரெண்டு உடம்பு நடுவுல சேர்ற கோடு எங்கன்னு தேடினா கெடைக்கவே கெடைக்காது. பென்சில் எடுத்து வரைய ஆரம்பிச்சாத்தான் அந்த ஸ்தபதி என்ன பண்ணியிருக்காருன்னு உறைக்கும். திருவாலங்காட்டு நடராஜரும் அங்கதான், ஆனா கூட்டம் அவர்கிட்டயே நிக்கும், எனக்கு அர்த்தநாரி போதும்.

தமிழ் ஃபாண்ட் எல்லாம் ஒரே மாதிரி மொக்கையா இருக்கு, நீங்க எங்கேர்ந்து எடுக்கறீங்க

மொக்கையா இருந்த காலம் போயாச்சு. கூகுள் ஃபாண்ட்ஸ்ல தமிழ்னு ஃபில்டர் போட்டுப் பாருங்க, எல்லாம் இலவசம். பிரியா ரவிச்சந்திரன் பண்ண கேட்டமரன் தலைப்புக்கும் சின்ன எழுத்துக்கும் ரெண்டுக்கும் ஓடும், பேரே கட்டுமரம். இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் பண்ண கவிவாணர் கையெழுத்து மாதிரி சாஞ்சு இருக்கும், அவரோட பவனம் நிதானமானது. குண்டு குண்டா குழந்தைத்தனமா வேணும்னா பலூ தம்பி. மெல்லிசுலேர்ந்து தடிமன் வரைக்கும், குறுகலுலேர்ந்து அகலம் வரைக்கும் ஒரே குடும்பத்துல வேணும்னா அனெக் தமிழ், இந்த மாசம் நான் அதிகமா தொட்டது அதத்தான். நீளமா படிக்கற பக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், போஸ்டருக்கு அது வேண்டாம், சாமி கும்பிடற மாதிரி அடக்கமா இருக்கும்.

அதே ஃபாண்ட போட்டோஷாப்ல போட்டா கொம்பு தள்ளிப் போய் நிக்குது, ஃபாண்ட் கரப்ட்டா?

ஃபாண்ட் நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேருக்கு தமிழ் எழுத்த எப்படி அடுக்கணும்னு நாமதான் சொல்லணும். 'கொ'ன்னு அடிச்சா க முதல்ல, கொம்பு அதுக்கு அப்புறம்னு வந்து நிக்குதுன்னா கோளாறு அங்கதான். ப்ரிஃபரன்ஸஸ்ல டைப்புக்குள்ள போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் செலக்ட் பண்ணுங்க, பழைய வெர்ஷன்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்னு இருக்கும். அப்புறம் மூடித் திறந்து புது ஃபைல்ல டைப் பண்ணுங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல டைப் ப்ரிஃபரன்ஸஸ்ல இண்டிக் ஆப்ஷன்ஸ டிக் பண்ணிட்டு, பாரக்ராஃப் பேனல் மெனுல சவுத் ஏஷியன் கம்போஸர எடுக்கணும். காசு கட்ட முடியலன்னா இங்க்ஸ்கேப் இலவசம், அதுல இந்தத் தொல்லையே வராது.

பிரிண்டிங் பிரஸ்ல இன்னும் பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்லதான் வேலை நடக்கும், நீங்க யூனிகோட்ல அனுப்பின டெக்ஸ்ட் அங்க கட்டம் கட்டமா திறக்கும். அதனால எழுத்த அவுட்லைனா மாத்தி பிடிஎஃப் எடுத்து அனுப்பிடுங்க, எழுத்துப்பிழைய அதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

பழைய பத்திரிகை ஓவியம் எல்லாம் எங்க பாக்கறீங்க? பின்டரெஸ்ட்ல மங்கலா ரெண்டுதான் இருக்கு

தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தற தமிழ் மின்னூலகம். ஸ்கேன் பண்ண பழைய புத்தகமும் பத்திரிகையும் வீட்டுலேர்ந்தே பாக்கலாம். நேர்ல போகணும்னா தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்ல ஒரு தனி மனுஷன் வாழ்நாள் முழுக்க சேத்து வச்ச புத்தகத்த வச்சு 1994ல ஆரம்பிச்சது. சினிமா பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ்னு குப்பைன்னு தூக்கிப் போடற ஐட்டம் எல்லாம் பத்திரமா இருக்கு, லெட்டரிங் கத்துக்க அதவிட நல்ல பாடம் கிடையாது. என்ன தேடறீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டுப் போங்க.

யார தேடணும்னு கேட்டா: சில்பி, கோபுலு, மணியம். சில்பி கோயிலுக்கே போய் சிலைக்கு எதிர்ல உக்காந்து வரைஞ்சவர். மேல சொன்ன அர்த்தநாரிய வரைஞ்சு பாத்துட்டு அப்புறம் சில்பி கோட்ட பாருங்க, ரெண்டு நாளைக்கு பேனா தொட மாட்டீங்க.

படம் ஏதாச்சும் பாத்தீங்களா இல்ல முழுக்க கோலம் கச்சேரிதானா

சென்னை சர்வதேச திரைப்பட விழா வழக்கமா டிசம்பர்லதான், 2003லேர்ந்து நடக்குது. ஒரு பாஸ் எடுத்தா எல்லா படமும் பாக்கலாம், மாணவர்களுக்கு கட்டணம் கம்மி. டிப்ஸ் ஒண்ணுதான்: அவார்டு வாங்கின படத்துக்கு கியூ நிக்காதீங்க, அது எப்படியும் ஓடிடில வந்துடும். பேர் தெரியாத நாட்டுப் படத்துக்குப் போங்க, அத இன்னொரு தடவ பெரிய திரைல பாக்கற சான்ஸ் வராது. பிடிக்கலன்னா அரை மணில எழுந்து அடுத்த ஸ்க்ரீனுக்குப் போங்க. சபால செய்யக் கூடாதுன்னு சொன்னது இங்க ஓகே, திரைல இருக்கறவங்க வருத்தப்பட மாட்டாங்க.

புக் ஃபேர் எப்போ போனா கூட்டம் கம்மி

வார நாள்ல திறந்த உடனே. பொங்கல் லீவுல போனா புத்தகம் தெரியாது, முதுகுதான் தெரியும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977லேர்ந்து நடத்தறாங்க, இப்போ கொஞ்ச வருஷமா நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், பத்து பர்சன்ட் தள்ளுபடி. சின்னப் பதிப்பக ஸ்டால்ல அட்டைப்படத்த பாருங்க, யார் வரைஞ்சதுன்னு உள்பக்கத்துல பேர் இருக்கும், எனக்கு வேலை வந்த வழில அதுவும் ஒண்ணு, புடிச்ச பதிப்பாளர்கிட்ட அங்கயே பேசினேன்.

நான் திருச்சி பக்கம், நீங்க சொல்றது பூரா சென்னை, எங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?

உங்க ஊர பாத்துத்தான் நாங்க பொறாமைப்படணும். ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசிய ஒட்டி பகல் பத்து, இராப் பத்துன்னு நாள் கணக்கா திருவிழா, அதுல அரையர் சேவைன்னு பாசுரத்த கூம்பு மாதிரி குல்லா போட்டு கைல தாளத்தோட பாடி அபிநயிப்பாங்க, அந்தக் குல்லாவ வரையறதுக்கே நான் வரணும். சிதம்பரத்துல ஆருத்ரா தரிசனம். மார்கழி கடைசிலயோ தையிலயோ, பெரும்பாலும் ஜனவரில திருவையாறு தியாகராஜர் ஆராதனை, காவிரிக்கரைல உக்காந்து எல்லாரும் ஒண்ணா பாடுவாங்க, உங்களுக்கு பஸ்லயே போயிடலாம். கோலத்துக்கு சென்னையே வேண்டாம், உங்க தெருவே போதும்.

பொங்கலுக்கு அப்புறம் போர் அடிக்குமே, அடுத்து என்ன?

பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈர நிலங்களோட பட்டியல்ல, சேந்துச்சு. வலசை வந்த பறவைங்க தை மாசியிலயும் இருக்கும், துரைப்பாக்கம் ரேடியல் ரோடு ஓரத்துலேர்ந்தே கூழைக்கடா தெரியும், பூநாரை வந்துச்சுன்னா நியூஸ்லயே வந்துடும். அப்புறம் ஆமை நடை. மாணவர் கடல் ஆமை பாதுகாப்புக் குழு 1988லேர்ந்து பண்றாங்க, நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி கடற்கரைல நடந்து பங்குனி ஆமை முட்டை போட்ட குழிய தேடி, முட்டைய எடுத்துட்டுப் போய் பொரிப்பகத்துல வைப்பாங்க. ஜனவரி வாக்குல பொதுமக்களையும் வார இறுதில கூட்டிட்டுப் போக ஆரம்பிப்பாங்க. கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் மணல்ல, செருப்பு வேண்டாம், டார்ச் அடிக்கக் கூடாது, அதனால வரையவும் முடியாது. ஆமையையே பாக்காம திரும்பறதும் நடக்கும்.

மாட வீதில பாத்த கோலத்த டி-ஷர்ட்ல போட்டு விக்கலாமா? பழைய பத்திரிகை படத்த ஸ்டிக்கர் பண்ணலாமா? காப்பிரைட் வருமா?

மூணு விஷயத்த குழப்பிக்கிறீங்க, பிரிச்சுப் பாப்போம். தலைமுறை தலைமுறையா எல்லார் வீட்டு நோட்டுலயும் இருக்கற கோலத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, தாராளமா எடுங்க. ஆனா ஒருத்தங்க தானா யோசிச்சுப் போட்ட கோலத்த அப்படியே போட்டோ எடுத்து வெக்டர் பண்ணி விக்கறது வேற. ஆள் வாசல்லதானே நிக்கறாங்க, கேட்டுடுங்க, ஒரு டி-ஷர்ட்டும் குடுத்துடுங்க. அதவிட நல்லது, மேல சொன்ன புள்ளி இலக்கணத்த கத்துக்கிட்டு நீங்களே ஒண்ணு போடறது.

பத்திரிகை ஓவியத்துக்கு காப்பிரைட் உண்டு. இந்தியால ஓவியர் இறந்த வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும். கோபுலு 2015ல காலமானார், அப்போ 2075 முடியற வரைக்கும் அவர் படத்த ஸ்டிக்கர் போட்டு விக்க பத்திரிகைகிட்டயோ குடும்பத்துகிட்டயோ, உரிமை யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட அனுமதி வாங்கணும். பாத்துக் கத்துக்க யார் அனுமதியும் வேண்டாம். ஃபாண்ட் விஷயம் ஈஸி, மேல சொன்ன ஃபாண்டெல்லாம் திறந்த உரிமம், போஸ்டர் டி-ஷர்ட் எதுல வேணும்னாலும் போட்டு விக்கலாம், ஃபாண்ட் ஃபைல மட்டும் தனியா காசுக்கு விக்கக் கூடாது. விலை எவ்ளோ வைக்கறதுன்னு அடுத்து கேப்பீங்க, அது தை மாச லிஸ்ட்ல.